இஞ்சி உள்ளே, சாவி வெளியே

சுரைமேட்டுப் பழங்கால கல்லறையின் சாவியை இனுயி வீட்டம்மா ஹருயோ கோபத்தில் மேட்டைச் சுற்றிய அகழிக்குள் வீசிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. தண்ணீரில் விழுந்த சத்தத்தைத் தன் காதாலேயே கேட்டதாகச் சவரக்கடைக்காரர் ததேயிஷி சொன்னார். அவர் கடைக்கும் அகழிக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. அதைச் சொன்னதற்கு, அந்த நேரம் ரயில் வரவில்லை என்றார். எங்கள் ஊரில் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை.

போய்ப் பார்த்தேன். செருப்பு அலமாரிக்கு மேலே, எப்போதும் தொங்கும் ஆணியில்தான் சாவி தொங்கியது. பக்கத்து ஆணியில் சிவப்பு டார்ச். என்னைப் பார்த்ததும் ஹருயோ சாவியைக் கழற்றி நீட்டினார்.

"தாராளமாப் போய்த் திறந்து பாருங்க."

போனேன். மேட்டின் இரும்புக் கதவில் புதுப் பூட்டு. எண்களை அழுத்தித் திறக்கிற ரகம். சாவி நுழைய ஓட்டையே இல்லை. திரும்பி வந்து, பூட்டை மாற்றியிருக்கிறார்களே என்றேன்.

"அப்படியா? எங்கிட்ட யாரும் சொல்லலியே."

ஒரு மாதமாக, வந்தவர்களுக்கெல்லாம் இதே உபசாரம் நடந்திருக்கிறது. வெறுங்கையோடு திரும்பியவர்களில் யாரோதான் அகழிக் கதையைக் கட்டிவிட்டிருக்க வேண்டும்.

ஹருயோ அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே சாவி அந்த ஆணியில் இருந்தது. மேட்டடியில் நிற்கும் பலகை, 'சாவி எதிரே இனுயி வீட்டில்' என்று அம்புக்குறி காட்டும். கல்லறை பார்க்க வருகிறவர்கள் மணி அடிப்பார்கள். சாவியும் டார்ச்சும் வாங்கிப் போவார்கள். கல் அறைக்குள் குனிந்து நுழைந்து, பெரிய கல் பெட்டியைப் பார்த்துவிட்டு, முழங்காலில் மண்ணோடு திரும்புவார்கள். போகும்போது தங்கள் ஊர் இனிப்பு ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அந்த வீட்டில் யாரும் கடையில் இனிப்பு வாங்கி நான் பார்த்ததில்லை.

குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரத்தலையோடு ஓடிவந்து சாவி கொடுப்பார் ஹருயோ. கணவரின் சாவுச் சடங்கில் பிக்கு மந்திரம் ஓதிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கறுப்புக் கிமோனோவோடு எழுந்துபோய், "தலைய இடிச்சுக்காதீங்க" என்று சொல்லி டார்ச்சைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மந்திரம் அதற்குள் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சேவகம் சும்மா இல்லை. மேடு ஒருகாலத்தில் அவர்கள் நிலம். மாமனார் அதை நகராட்சிக்குக் கொடுத்தபோது இரண்டு விஷயம் பேசிக்கொண்டார்கள்: சாவி இந்த வீட்டில் இருக்கும், கல் அறையின் பின்மூலை இந்த வீட்டு விதை இஞ்சிக்கு. எழுதிக்கொள்ளவில்லை, சாக்கே என்கிற அரிசி மது குடித்தார்கள், அதோடு சரி. வெயிலோ பனியோ, உள்ளே குளிர்ச்சி மாறாது, ஈரம் போகாது. விதை இஞ்சிக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. உள்ளே படுத்திருந்த பெரிய மனிதரைத் திருடர்கள் என்றைக்கோ காலி செய்துவிட்டார்கள். காலி வீட்டில் இஞ்சி குடியிருந்தது.

இந்த வசந்தத்தில் நகராட்சிக்குத் திடீரென்று வரலாற்றுப் பாசம் பொங்கியது. மேட்டின் வடிவம் சுரைக்காய் என்பதால், ஒரு சுரைக்காய்க்குக் கண் வைத்து, போர்த் தலைக்கவசம் மாட்டி ஊர்ச் சின்னமாக ஒரு பொம்மை செய்தார்கள். கல் அறைக்குள் விளக்கு போட்டார்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தார்கள். ஹருயோ பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்த காலையில் பூட்டை மாற்றினார்கள்.

"பூட்டு அவங்களுது, மாத்திக்கட்டும்," என்றார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வாசலுக்கு வந்து தலை குனிஞ்சு ஒரு வார்த்தை? தெருவுல குழாய் தோண்ட வர்றவன்கூட மரியாதைக்கு ஒரு துண்டைக் கையில குடுத்து, 'சத்தமா இருக்கும், மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டுல்ல தோண்டுறான்? நான் அந்தக் குழாய விடக் கேவலமாப் போயிட்டனா?"

உள்ளே நான்கு பெட்டி விதை இஞ்சி. நடவு நேரம் வந்துவிட்டது. நகராட்சிக்குப் போன் செய்தால் ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குத் தள்ளியது. கடைசியில் ஒரு குரல், திறப்பு விழா வரை யாருக்கும் அனுமதி இல்லை, அதன்பிறகு கைபேசிச் செயலியில் முன்பதிவு செய்யலாம் என்றது. ஹருயோவின் கைபேசி மடக்குகிற வகை. அதில் பேச மட்டும்தான் முடியும். நான் பதிவு செய்தேன். பார்வையாளர் இருவர்.

திறப்பு நாளில், தன் வீட்டுக்கு எதிரே இருக்கும் மேட்டுக்குள் நுழைய ஹருயோ வரிசையில் நின்றார். கையில் பழைய சிவப்பு டார்ச். தொல்பொருள் பிரிவின் இளைஞர் மகிதா, சுரைக்காய் பொம்மை அச்சடித்த மேலங்கியில், ஒரு ஹெல்மெட்டை நீட்டிப் பணிவாகக் கேட்டார்:

"சுரைமேட்டுக்கு முதல் தடவையா வர்றீங்களாம்மா?"

"ஹெல்மெட்டோட முதல் தடவை."

உள்ளே பகல்போல் வெளிச்சம். கல் பெட்டிக்குப் பின்னே, இஞ்சிப் பெட்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, 'ஆய்வில் உள்ளது, தொடாதீர்கள்' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். ஹருயோ கயிற்றைத் தாண்டினார். வைக்கோலை விலக்கினார். மேல் பெட்டி கருவாடு மாதிரிக் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. மூலையில் இயந்திரம் விசுவாசமாக உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, உள்ள இருக்கிற எதையும் வெளிய கொண்டுபோகக் கூடாதுங்க," என்றார் மகிதா. "பாரம்பரியச் சொத்து."

"இது போன வருஷம் நான் வெச்சதுப்பா. செத்தவர் வெச்சதில்ல."

மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார் மகிதா. இஞ்சி பாரம்பரியமா இல்லையா என்று மேலதிகாரி யாரைக் கேட்பாரோ தெரியாது. அதற்குள் விளக்கு அணைந்தது. இயந்திரமும் விளக்கும் ஒரே இணைப்பில் மூச்சுத் திணறியிருக்க வேண்டும். இருட்டில் பத்துப் பன்னிரண்டு ஹெல்மெட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சிவப்பு டார்ச் எரிந்தது.

ஹருயோ அதை மகிதாவின் கையில் வைத்தார்.

"ஆளுங்களக் கூட்டிட்டுப் போங்க. நீங்களும் தலையக் குனிஞ்சு போங்க, கூரை தாழ்வு. குனிஞ்சு பழக்கமில்லேன்னா இடிக்கும்."

அவர்கள் போன வெளிச்சத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, தேறிய இரண்டு பெட்டிகளை நாங்கள் இருவரும் தூக்கி வந்தோம். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டியவர் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். நல்லதைப் பொறுக்கியதில் பாதி வயலுக்குத்தான் வந்தது. மீதிப் பாதியில் புல் முளைத்திருக்கிறது. அதைப் பிடுங்க ஹருயோ மறுக்கிறார். நகராட்சி பார்க்கட்டும் என்கிறார்.

போன வாரம் மகிதா போன் செய்தாராம். பார்வையாளர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். ஊர் மக்கள் மேட்டைக் காத்த அடையாளமாக அந்தப் பழைய சாவியை வைக்க ஆசைப்படுகிறார்களாம்.

"என் டார்ச் எங்க?" என்று கேட்டாராம் ஹருயோ.

விளக்கு இன்னும் சரியாகவில்லையாம். டார்ச் தினமும் பயன்படுகிறதாம். அதில் அலுவலகச் சொத்து என்று ஒட்டுத்தாள்கூட ஒட்டியாகிவிட்டதாம்.

"ஒட்டினத உரிச்சு, வாசலுக்குக் கொண்டாந்து கையில குடுங்க. அப்பறம் சாவியப் பத்திப் பேசலாம்."

நேற்று அந்தப் பக்கம் போனேன். சாவி அதன் ஆணியில் இருந்தது. பக்கத்து ஆணி இன்னும் காலி.