மேசைக்கடியில் இரண்டு பிள்ளைகள், மதுரைக்கு மூன்று பயணம்

மூளையை ஸ்கேன் எடுக்கிற வேலையில் ஊசி போடுவதும் படம் பிடிப்பதும் சுலபம், ஆளை வெறும் வயிற்றோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. நான் பத்தாவது வரை படித்தவள். என் பிள்ளைகள் ஆளாகி வெளியூர் போனபிறகு ராஜபாளையத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் சேர்ந்தேன். நினைவு தப்பியவர்களை வேனில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதில்லை. நமக்குள் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான்.

யூனிபார்ம் போட்ட பிள்ளைகள்

சோழபுரம் செல்லையா அண்ணாச்சி நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு வருஷமாக நடை தளர்ந்துவிட்டது, பேச்சு பாதியில் நின்றுபோகும். ஒருநாள் தெளிவாக இருப்பார், மறுநாள் இருக்கமாட்டார். சாப்பாட்டு மேசைக்கடியில் யூனிபார்ம் போட்ட இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். அவர்களுக்குத் தட்டு வைக்காமல் சாப்பிடமாட்டார். அவர் மனைவி தங்கம் அக்கா சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, தட்டு வைக்கவே பழகிக்கொண்டார்.

மகன் முருகனுக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கண்ணில் படாதபடி வீரியமான மாத்திரையாக எழுதுங்கள் என்று டாக்டரிடம் வந்து நின்றார். டாக்டர் சம்மதிக்கவில்லை. மறதி நோயில் ஒரு வகையில் மூளையில் டோபமின் குறைந்துபோகுமாம். கைகால் ஓடுவதற்கே அதுதான் வேண்டும். இந்த மாத்திரையோ இருக்கிற டோபமினையும் வேலை செய்யவிடாமல் மறித்துவிடும். அந்த வகைக்காரருக்கு இதைக் கொடுத்தால் ஆள் விறைத்துப் படுக்கையில் விழலாம், உயிருக்கே ஆகாமல் போகலாம். அதனால் முதலில் இரண்டு ஸ்கேன். ஒன்று மூளை சர்க்கரையை எங்கே எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று காட்டும், மற்றது டோபமினைக் காட்டும் என்றார். முருகன் குரலை உயர்த்தியதும் அண்ணாச்சி டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "அதுக பாட்டுக்கு இருக்குதுக. இவன்தான் வீட்டுல சத்தம் போடுதான்."

முதல் பயணம்

சர்க்கரை ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. வேன் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது மறுபடியும் கேட்டேன். பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை என்றார் தங்கம் அக்கா. மதுரையில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறிக் கிடந்தது. இன்றைக்கு ஸ்கேன் இல்லை என்றுவிட்டார் டெக்னீஷியன்.

அக்கா சத்தியம் செய்யாத குறைதான். செத்த நேரம் கழித்து அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணாச்சிக்குத்தான் கொடுக்கவில்லை, பிள்ளைகளுக்கு வழக்கம்போல இட்லியும் சீனியும் வைத்திருக்கிறார். அக்கா குளிக்கப் போன நேரத்தில் இரண்டு தட்டும் காலி. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனசு வரவில்லை என்று அண்ணாச்சியும் ஒத்துக்கொண்டார். டெக்னீஷியன் சிரிக்கவில்லை: "அடுத்த தடவ பிள்ளைகளையும் பட்டினியாவே கூட்டிட்டு வாங்கம்மா."

இரண்டாம் பயணம்

ஊசி போட்டபிறகு அரை மணி நேரம் மங்கலான அறையில் படுத்திருக்கவேண்டும். பேச்சு, பாட்டு, செல்போன் எதுவும் ஆகாது. பதற்றப்படுகிற ஆள் என்பதால் கதவோரம் தள்ளி உட்கார என்னை விட்டார்கள். அண்ணாச்சிக்காக பைபிளில் ஒரு சங்கீதத்தை ஜெபமாக வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் என்று நான்தான் நினைத்தேன். நர்ஸ் உள்ளே வந்து, ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற நீங்களே பேசலாமா என்று ஏசிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி தலையை மட்டும் திருப்பினார். "ஏம்மா, நீ பேசுற ஆளும்தான் எங்கண்ணுக்குத் தெரியல. ஒன்னைய நான் ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டு வந்தேன்?"

இரண்டு புள்ளிகள்

மூன்றாவது பயணம் டோபமினுக்கு. அன்றைக்கு ஒரு தவறும் நடக்கவில்லை. அடுத்த வாரம் படங்களோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். முருகன் சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. டாக்டர் மறுத்த அதே மாத்திரையைத் தெரிந்த மெடிக்கலில் சொல்லி வாங்கிவிட்டாராம். இன்றைக்கும் இழுத்தடித்தால் ராத்திரிச் சோற்றில் பொடித்துப் போடப்போவதாக வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். டாக்டர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று ஆண்டவரை நினைத்துக்கொண்டேன்.

சர்க்கரைப் படத்தில் மூளையின் பின்பக்கம் மங்கிக் கிடந்தது. பார்ப்பதைப் புரிந்துகொள்கிற இடம் அதுவாம். டோபமின் படத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு மூளையின் நடுவில் இரண்டு கமா தெரியுமாம். இவருக்கு இரண்டு புள்ளிதான் மிஞ்சியிருந்தது. டாக்டர் பயந்த வகையேதான். அந்த மாத்திரை கூடவே கூடாது, வேறு மருந்து தருகிறேன், பிள்ளைகள் குறையலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். முருகன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். இன்னும் பிரிக்கவில்லை. அன்றைக்கு அண்ணாச்சி தெளிவாக இருந்தார். மகனைப் பார்த்துச் சொன்னார்: "எண்ணெய் வத்துன மிஷினுக்குப் பிரேக்கையும் போடப் பாத்திருக்கியேலே."

ஒரு மாத்திரையைக் கொடுக்காமல் இருப்பதற்கு மூன்று தடவை மதுரைக்குப் போய்வரவேண்டும் என்பதுதான், பத்தாவதுக்கு மேல் நான் படித்த படிப்பு.