பின் சீட்டுக்கு ஒரு பிரேக்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தச் சாலையில் இருப்பவர்களுக்கு நான்கு மாதமாக ஒரு வேடிக்கை கிடைத்துவந்தது. ஏரிக்குப் போகிற பேருந்தின் கடைசி இருக்கையில் ஓர் அம்மாள் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு போவார். பேருந்துக்குப் பின்னாலேயே, நீளமான பழைய க்ரூஸர் பைக்கில், காலை முன்னால் நீட்டியபடி ஒரு மனிதர் வருவார். பேருந்து நின்றால் அவரும் நிற்பார், கிளம்பினால் கிளம்புவார். ஏரிக்கரையில் அம்மாள் இறங்கியதும் அவரும் இறங்குவார். பிறகு இருவரும் சேர்ந்து நடந்துபோய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடிப்பார்கள்.

சண்டை எதுவும் இல்லை. அவர்கள் புருஷன் பெண்டாட்டிதான்.

அவர் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். ஆள் ஒல்லி என்பதாலும், சட்டைக் காலரில் எப்போதும் இரண்டு மெஷின் ஊசிகள் குத்தியிருப்பதாலும் சந்தில் எல்லோருக்கும் அவர் ‘ஊசி’. அந்த அம்மாள் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அதனால் டிரைவரம்மா. வாரத்தில் ஆறு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரம் அமையாத குடும்பம் அது. ஏழாவது நாள் பைக்கில் ஏரிக்குப் போய்வருவதுதான் அவர்கள் வாரம் முழுக்கப் பேச வேண்டியதைப் பேசும் நேரம். போகும் வழியில் டிரைவரம்மா பின் சீட்டிலிருந்து அவர் தோளுக்கு மேல் முகத்தை நீட்டிப் பேசுவார். பாதி காற்றில் போய்விடும். மீதிப் பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதைக் கெடுத்தது ஒரு காய்கறி வேன். சிக்னலில் வேன் சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை அமுக்கினார். பைக் அவசரமே இல்லாமல் போய், ‘சௌக்கியமா’ என்று கேட்பது போல வேனின் முதுகில் ஒரு முட்டு முட்டியது. யாருக்கும் அடியில்லை, கீறல்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பேருந்தின் ஜன்னலிலிருந்து தெரிந்த குரல் ஒன்று வந்தது.

“ஐயோ, டிரைவரம்மா! நீங்களே இடிச்சா நாங்க யாரை நம்பி ஏறுறது?”

டிரைவரம்மா இறங்கினார். புடவையைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பேருந்திலேயே ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

“தினம் நாப்பது பேரை வச்சுக்கிட்டு அங்கங்க நிறுத்துறேன். உங்களால ஒரே ஒரு ஆளை வச்சுக்கிட்டு நிறுத்த முடியல. பிரேக்கை மாத்துங்க, அப்புறம் ஏறுறேன்” என்றார் அன்று மாலை. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஊசிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவருடைய மனைவி குரலை உயர்த்தாமல் சொன்ன எதையும் இதுவரை மாற்றிக்கொண்டதில்லை.

வண்டிக்கு இருபத்திரண்டு வயது. முன் சக்கரத்தில் பழைய காலத்து டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவில் சட்டி போல ஒரு கூடு, அதற்குள்ளே விரிந்து உரசி நிறுத்துகிற இரண்டு கட்டைகள். கனமான வண்டி, அதில் இரண்டு பேர். அந்தக் கட்டைகள் கெஞ்சிப் பார்க்குமே தவிர நிறுத்தாது. அதே வண்டியின் பின்னால் வந்த மாடல்களில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கும். அதைத்தான் இதில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

மெக்கானிக்கிடம் விடலாம்தான். ஆனால் ஊசிக்குத் தன் வண்டியின் போல்ட்டில் இன்னொருவர் ஸ்பானர் படுவது பிடிக்காது. அவர் எதையும் யாரிடமும் போய்க் கற்றவரில்லை. பதினெட்டு வயதில் ஒரு துணி கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அப்புறம் எடைக்குப் போட்ட ஒரு மெஷினை வாங்கிவந்து பதினோரு தடவை பிரித்தார். பத்து தடவை ஏதாவது ஒரு சாமான் மிச்சமாயிற்று. பதினோராவது தடவை ஒன்றும் மிஞ்சவில்லை, மெஷினும் தைத்தது.

அதிலிருந்து அவருக்கென்று சில வழக்கங்கள் வந்தன. கழற்றுகிற சாமான்களை வெள்ளைத் துணியில் இடமிருந்து வலமாக வரிசையாக வைப்பார், மாட்டும்போது வலமிருந்து இடமாக வருவார். வேலை முடிந்ததும் தோளில் கிடக்கும் துணியால் மெஷின் முழுவதையும் ஒரு துடை துடைப்பார். சும்மா துணியில்லை, மெஷின் எண்ணெயில் ஊறிய துணி. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தையல்காரர் மழைக்காலத்தில் துருப்பிடித்த மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்து நாலு பேர் கேட்கத் திட்டிவிட்டார். அன்றிலிருந்து எண்ணெய் படாமல் ஓர் இரும்பும் அவர் கையைவிட்டுப் போனதில்லை.

சாமான் வாங்க மச்சினனிடம் போனார். டிரைவரம்மாவின் தம்பி பழைய வண்டிகளை உடைத்து விற்பவன். பள்ளத்தில் விழுந்து என்ஜின் நொறுங்கிய, அதே ஜாதி வண்டி ஒன்று அவன் கிடங்கில் கிடந்தது. முன்பக்கம் முழுசாக இருந்தது.

“புது வண்டியே எடுத்துடுங்களேன் மாமா. இந்தக் கிழத்துக்கு எதுக்கு இப்ப நகை நட்டெல்லாம்?”

“நான் வண்டி மாத்தினா அடுத்து உங்கக்கா வேற எதையாவது மாத்தச் சொல்லுவா. வீட்டுல பழசுன்னு இன்னும் நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

“உங்களுக்கு ஸ்பேர் கிடைக்காது மாமா. நானும் தேடிப் பாத்துட்டேன்.”

சக்கரம், டிஸ்க், அதைக் கவ்வும் காலிபர், காலிபர் உட்காரும், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி, ஹேண்டிலில் இருந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஒன்று ஒரு வண்டியிலிருந்தும் ஒன்று இன்னொரு வண்டியிலிருந்தும் எடுத்தால் அளவு ஒத்துப்போகாது என்று அவருக்குத் தெரியும். ஹோஸ், பேடு, ரப்பர் சீல், செப்பு வாஷர் இவை மட்டும் புதிது.

இரண்டு வாரம் மாலை வேளைகளில் வேலை நடந்தது. டிஸ்க்கின் கனத்தை எட்டு இடத்தில் அளந்தார். அது கோணலில்லாமல் சுழல்கிறதா என்று பார்க்க, காலரிலிருந்து ஒரு ஊசியை எடுத்து ஃபோர்க்கில் கட்டி, ஊசிமுனை டிஸ்க்கைத் தொடுகிற மாதிரி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். முனைக்கும் டிஸ்க்குக்கும் இடையில் ஒரு காகிதம் நுழையவில்லை. பிரேக் ஆயில் ஊற்றி, காலிபரிலிருந்து கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றினார். கடைசியில் லீவர் கையில் கல்லாக நின்றது. எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, திருப்தியாக ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியைத் தெருவில் இறக்கினார்.

சந்தின் கோடியில் முடிதிருத்தும் கடை. அதுவரை போய்ப் பிரேக் பிடித்துத் திரும்புவதாகத் திட்டம். பிடித்தார். வண்டி கேட்டுக்கொண்டது போலவே தெரியவில்லை. பின் பிரேக்கை மிதித்து, செருப்பைத் தேய்த்து, ஒருவழியாக நின்றபோது முன்சக்கரம் கடையின் படியில் ஏறியிருந்தது. உள்ளே பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் கத்தியும் கையுமாகத் திரும்பினார்.

“வாங்கண்ணே! கட்டிங்கா, ஷேவிங்கா? வண்டியை வெளியிலயே விட்டுட்டு வரலாமே.”

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கேயோ காற்று மாட்டியிருக்கிறது என்று மறுபடியும் ஆயிலை இறக்கி ஏற்றினார். மறுநாள் மாலை சோதித்தார். கடைக்காரர் இந்த முறை முன்னெச்சரிக்கையாகப் படியில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி அவரைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாளும் அதேதான். “அண்ணே, தினமும் வர்றீங்க, ஒரு நாளாவது முடி வெட்டிக்கிட்டுப் போங்க” என்றார் அவர்.

மூன்றாம் நாள் ஊசி வாசலில் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வயது வண்டியிடம் தோற்றுப்போனதாக ஒப்புக்கொள்வதில் அவருக்குக் கஷ்டமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையும், அதற்கடுத்த எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் பேருந்தின் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமே என்பதுதான் அவருக்குக் கஷ்டம்.

டிரைவரம்மா வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் லீவரைப் பிடித்துப் பார்த்தார்.

“நல்லா கல்லு மாதிரிதானே இருக்கு. அப்புறம் என்ன?”

“உள்ள காத்து இருக்கு.”

“எங்க பஸ்ஸு ஏர் பிரேக்கு, காத்துலதான் நிக்குது.”

“உங்க பஸ்ஸுல காத்து இல்லன்னா நிக்காது. இதுல காத்து இருந்தா நிக்காது.”

“காத்து இருந்தா லீவர் பஞ்சு மாதிரி உள்ள போவும்ங்க. இது போகலையே. அமுக்குறது சரியா அமுக்குது, பிடிக்கிற இடத்துலதான் பிடிக்கல.” அவர் குனிந்தார். டிஸ்க்கின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தார். விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துத் தேய்த்தார். “இது ஏன் இப்படி வழுக்குது?”

“பின்ன? ஒவ்வொரு தடவையும் வேலை முடிஞ்சதும் நல்லா துடைச்சுத்தானே விடுறேன்” என்றார் ஊசி, கொஞ்சம் பெருமையாகவே.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கை மெதுவாகத் தோளுக்குப் போய், அங்கே கிடந்த துணியைத் தொட்டது. மெஷின் எண்ணெய். தண்ணீர் போலத் தெளிந்தது, வாசனையே கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. முப்பது வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை. மூன்று தடவை காற்றை எடுத்து, மூன்று தடவையும் அக்கறையாகப் பிரேக்குக்கு எண்ணெய் போட்டிருக்கிறார்.

டிரைவரம்மா சிரிக்க ஆரம்பித்தார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். “பிரேக்குக்கு எண்ணெய் போட்ட மனுஷனைப் பத்தி நான் எங்க டிப்போவுல சொன்னா, ரெண்டு நாள் சிரிச்சுக்கிட்டே ஒருத்தனும் வண்டி எடுக்கமாட்டான்.”

“சொல்லிடாதே.”

“அந்தத் துணியை முதல்ல இங்க கொடுங்க.”

எண்ணெயைக் குடித்த பேடுகளைக் காப்பாற்ற முடியாது. மச்சினன் புதிய பேடுகளோடு வந்தான். காரணம் கேட்டான், இருவரும் சொல்லவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய விஷயம் என்று மட்டும் புரிந்துகொண்டான். ஊசி டிஸ்க்கை ஸ்பிரிட்டால் மூன்று முறை கழுவி, வெள்ளைக் காகிதத்தால் துடைத்து, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலிபரின் உள்பக்கத்தையும் அப்படியே செய்தார். கடைசி போல்ட்டை முறுக்கி எழுந்ததும் கை மறுபடியும் தோளைத் தடவியது. துணி டிரைவரம்மாவின் மடியில் இருந்தது. அவர் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை, கிடங்குகளுக்குப் பின்னால் லாரி வராத நேரத்தில் காலியாக இருக்கும் சாலைக்கு ஊசி வண்டியை ஓட்டிப்போனார். டிரைவரம்மா பேருந்தில் வந்து இறங்கினார். புது பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும். ஓரளவு வேகத்தில் போய் அழுத்திப் பிடித்து, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடியும். குறைந்தது முப்பது தடவை.

முதல் பத்தை ஊசி தனியாகச் செய்தார். முதல் நான்கில் சுமார். ஐந்தாவதில் முன்பக்கம் தலைவணங்கியது. எட்டாவதில் சொன்ன இடத்தில் நின்றது. டிரைவரம்மா சாலையோரத்தில் ஒரு கல்லை வைத்திருந்தார். பத்தாவது தடவை சக்கரம் கல்லுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது.

டிரைவரம்மா வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். விரலை டிஸ்க்குக்கு அருகில் கொண்டுபோய்ச் சூட்டை மட்டும் பார்த்தார்.

“ஒரு ஆளு வெயிட்டுல நிக்குது. அது என்ன பெரிய விஷயம்? ரெண்டு ஆளு வெயிட்டுல பாக்கணும்.”

“அப்ப உன் தம்பியை வரச் சொல்லவா?”

“அவன் எதுக்கு?” என்று சொல்லிக்கொண்டே, பையைத் தோளில் குறுக்கே மாட்டி, ஹெல்மெட்டைப் போட்டு, ஏறி உட்கார்ந்தார். “நேராப் பாத்து ஓட்டுங்க. பதினொண்ணு.”

நிறுத்தினார். “கொஞ்சம் லேட்டு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பன்னிரண்டு. “இப்ப முரட்டுத்தனம். பஸ்ஸுல பாட்டி ஒருத்தி நின்னுக்கிட்டு வர்றான்னு நினைச்சுப் பிடிங்க.” பதின்மூன்று. பதினான்கு. “இப்பச் சரி. உங்களை டிப்போவுல சேத்துக்கலாம், பெருக்குறதுக்கு.” இருபதைத் தாண்டியபோது ஒரு நாய் குறுக்கே போயிற்று. யாரும் எண்ணிச் சொல்லாமலே வண்டி நின்றது. நாய் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியில் போனது. பின்னாலிருந்து குறை எதுவும் வரவில்லை.

“எத்தனை ஆச்சு?” என்றார் ஊசி.

“யாருக்குத் தெரியும்? நான் டிப்போவுல புதுசா வந்த சூப்பர்வைசரைப் பத்தி நினைச்சுக்கிட்டு இருந்தேன். உங்ககிட்டச் சொல்லவே இல்லையே?”

“இல்லையே.”

“அது ஒரு பெரிய கதை. நீங்க இப்படி நிறுத்தி நிறுத்திப் போனா நான் எப்படிச் சொல்றது? போதும் நிறுத்தினது. ஏரி வரைக்கும் ஓட்டுங்க” என்று அவர் தோளுக்கு மேல் முகத்தை நீட்டினார்.