கோடு போடாத இறக்கை

காலை பதினொன்று இருபதுக்கு நான் பிளேடை எடுத்தேன். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. எடுப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். நாலு மணிக்கு ஒரு விருந்தாளி வருவார், வீட்டிலேயே இருங்கள் என்று மகள் கோமதி சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். அதற்குள் வெட்டி, ஒட்டி, காயவைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மேசையில் நின்றது ஒரு பிளாஸ்டிக் விமானம். ஹரிக்கேன் என்ற பழைய சண்டை விமானத்தின் சின்ன உரு, உள்ளங்கையில் உட்காரும். பரணில் முப்பது வருடமாகப் பாதியில் கிடந்ததைக் கோமதி எடுத்து, இரண்டு மாதம் கல்லூரி விட்டு வந்து உட்கார்ந்து முடித்திருந்தாள். மூக்கைக் குறைத்திருந்தாள், சக்கரக் கால்களைச் சரிசெய்திருந்தாள். இடது இறக்கை மட்டும் வலதைவிட ஒரு நெல்லளவு தூக்கலாக நின்றது. கவனிக்காமல் விட்டிருப்பாள், வருகிறவர் அவளுடைய பேராசிரியராக இருந்தால் என்ன நினைப்பார் என்று எனக்குப் பதற ஆரம்பித்தது. நான் பதறுவதற்கு இவ்வளவு போதும். அவள் பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய் நிற்கிறவன் நான்.

பவுடரில் நகப்பூச்சைக் குழைத்தேன். இந்த வேலையில் இடுக்கு அடைக்க எங்களுக்குத் தெரிந்த சாந்து அதுதான். அந்த வாசனை எழுந்ததும் மேலப்பாளையம் நினைவுக்கு வந்துவிட்டது. தறிக்கூடத்தின் மேல் என் நண்பன் மைதீனுடைய அறை, கீழே அவன் வாப்பாவின் எட்டுத் தறிகள்.

நான் அப்போது ஓர் அலுவலகத்தில் படம் வரைகிற வேலைக்குச் சேர்ந்த புதிது. மைதீன் தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைகுடாவிலிருந்து வரும் அவன் அண்ணன் பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே இந்த விமானங்களை, ஒட்டிச் சேர்க்கவேண்டிய துண்டுகளாக அட்டைப்பெட்டியில் கொண்டுவருவார். அட்டைப்பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டினால் அது விமானம் மாதிரி இருக்கும், விமானமாக இருக்காது. ஒன்றில் மூக்கு நீளம், ஒன்றில் இறக்கை தட்டை. நூலகத்துப் புத்தகத்தில் அளவு எடுத்து வந்து வெட்டித் திருத்துவோம். அதற்கு மைதீன் ஒரு சட்டம் வைத்திருந்தான். விமானம் யாருடையதோ, அவர் பென்சிலால் கோடு போட வேண்டும். கோடு இல்லாத இடத்தில் அடுத்தவன் பிளேடு படக்கூடாது.

"ஒன் கண்ணுக்குக் கோணல்னு படுதுன்னு என் ரெக்கைய அறுத்துராத வே" என்பான். கோமதிக்கும் நான் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.

இன்னொரு சட்டம், தறி ஓடும்போது ஒட்டக்கூடாது. எட்டுத் தறியும் அடித்தால் மேசை நடுங்கும். பசை இறுகுவதற்குள் இறக்கை நகர்ந்துவிடும். அதனால் ஒட்டுகிற வேலையெல்லாம் வெள்ளிக்கிழமை மதியம், தறி நிற்கும்போதுதான். இந்த ஹரிக்கேன் மைதீனுடையது. அதை மட்டும் ஒரு வியாழக்கிழமை நான் அவனை ஒட்டவைத்தேன். மறுநாள் சாயங்காலம் என் அலுவலக நண்பர்கள் பார்க்க வருவதாக இருந்தது; மதியம் ஒட்டினால் மற்ற வேலைக்கு நேரம் இருக்காது என்று எனக்கு அவசரம்.

"தறி ஓடுதுல்லா, நாளைக்கு ஒட்டுவோம்" என்றான் மைதீன்.

"சும்மா ஒட்டு வே. ஒரு நாள்ல என்ன குடி முழுகிறப் போகுது?"

ஒட்டினான். மறுநாள் இடது இறக்கை தூக்கிக்கொண்டு நின்றது. நண்பர்கள் பார்த்தார்கள். அவர்கள் வாய் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்: "ஏலே மைதீனு, இது ஏரோப்பிளேனா, சுளுக்கு விழுந்த காக்காயா?" எல்லோரும் சிரித்தார்கள். மைதீனும் சிரித்தான். அவர்கள் போன பிறகு விமானத்தைப் பெட்டியில் வைத்து மூடி, "இத நீயே வச்சிக்க" என்று என் கையில் கொடுத்தான். கொஞ்ச நாளில் அண்ணனோடு வளைகுடாவுக்குப் போய்விட்டான். பெருநாளுக்குப் பெருநாள் போனில் பேசுவோம், உடம்பு, பிள்ளைகள், மழை என்று. விமானத்தைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவசரப்படுத்தியது நான்தான் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கோமதியின் பேராசிரியருக்காக அல்ல, அந்தக் கோணலைப் பார்க்க முடியாமல்தான் பிளேடை எடுத்தேன்.

பழைய பிளாஸ்டிக். பாதி அறுத்ததும் படக்கென்று முறிந்தது. இறக்கை தனியாக மேசையில் விழுந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கோமதி வந்தாள். கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, விழுந்து கிடந்த இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மைதீன் மாமா வாறாங்கப்பா. வளைகுடாவ விட்டு ஊரோட வந்து ஆறு மாசம் ஆச்சாம். பெட்டி மூடியில பேரு இருந்துது, ஒங்க போன்ல நம்பர் எடுத்து நாந்தான் கூப்பிட்டேன்."

நான் இறக்கையை எடுத்து முறிந்த இடத்தில் பொருத்திப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் திருத்திக்க தாயி, அந்த ரெக்கைய மட்டும் நேராக்கிராதன்னு சொன்னாங்க. தறியெல்லாம் வித்தாச்சாம். அந்த எடத்துல இப்ப கார் நிக்கிதாம். தறி ஆடுனதுக்கு இது ஒண்ணுதான் இருக்குன்னாங்க."

அடுத்து நான் சொன்னதை எழுதக் கூசுகிறது. "கை தவறிக் கீழ விழுந்துட்டுன்னு சொல்லிருவோமாம்மா?" என்றேன். பெற்ற பெண்ணிடம்.

அவள் என்னையே பார்த்தாள். "நீங்க சொல்லணும்னா சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருவரும் சாப்பிடவில்லை. நான் இறக்கையைப் பசை வைத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேசை அசையவில்லை. வீடு அசையவில்லை. அந்தப் பழைய சாய்வு மட்டும் எப்படிப் பிடித்தும் திரும்ப வரவில்லை, நேராகவும் நிற்கவில்லை. கையை எடுத்தால் விழுந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஆட்டோ நின்றது. தலை முழுக்க வழுக்கையாகி, கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு மைதீன் இறங்கினான். கோமதி கதவைத் திறந்துகொண்டு வந்து என் பக்கத்தில் நிற்காமல் அவன் பக்கத்தில் நின்றாள். நான் எழுந்து, மனப்பாடம் செய்த பொய்யும் வராமல், உண்மையும் வராமல், இரண்டு துண்டையும் அவன் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அறுத்த இடத்தைக் கட்டைவிரலால் பையத் தடவினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மறுபடியும் திருப்பிப் பார்த்தான்.

"ஏலே," என்றான், "இதுல நான் போட்ட கோட்டைக் காணமே."