ஏசியை நிறுத்திவிட்டு அளந்த சிப்

கத்திரி தொடங்கிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, எங்கள் மூன்றாவது சிப் அடையாறு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. கைப்பேசியில் இருக்கும் அதே சாதாரண சிலிக்கானில் செய்தது. மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு, கம்பியில்லாமல், மில்லிமீட்டர் அலைகளில் இணையம் கொண்டுபோகும் பெட்டிக்கானது. முதல் இரண்டு சிப்பும் நாங்கள் நினைத்த அலைவரிசையில் வேலை செய்யவில்லை. இதுவும் போனால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று மேலாளர் தைப்பொங்கலுக்கு முன்பே சொல்லியிருந்தார்.

அளக்கும்போது ஏசி ஓடக்கூடாது. மெல்லிய ஊசிகளைச் சிப்பின்மேல் தொட்டும் தொடாமலும் நிறுத்த வேண்டும். ஏசியின் அதிர்வில் ஊசி நடுங்கினால் அளக்கும் கருவியின் திரையில் கோடும் நடுங்கும். சன்னலையும் திறக்க முடியாது, தூசி. கத்திரி வெயிலில் மூடிய அறைக்குள் நின்றோம்.

இந்த முறை அலைவரிசை சரியாக இருந்தது. அலையை அனுப்பும் திறன்தான் வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. சிப்பின் லேஅவுட்டை வரைந்த கோடம்பாக்கத்து நண்பன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

“சிப்புக்கும் வேர்க்குது மச்சி. சூட்டுல டல்லாகீது.”

அவன் சொன்னது சரிதான். ஏசியை வெகுநேரம் ஓடவிட்டு, நிறுத்திய கையோடு அளந்தோம். கோடு வேண்டிய இடத்தைத் தொட்டது. அறை சூடாக ஆக, எங்கள் கண்ணெதிரே மெல்ல இறங்கியது.

மேலாளர் மயிலாப்பூர்க்காரர். நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு அளவுல எதைடா ஹெட் ஆபீசுக்கு அனுப்பறது? ஜில்லுனு இருந்தப்போ வந்ததையே அனுப்பிடலாமா?”

“மாடில வெயில்ல கெடக்கப்போற பெட்டி சார். அங்க யாரு ஏசி போடுவா?” என்றான் நண்பன்.

“தெரியறதுடா. தெரிஞ்சுண்டுதான் கேக்கறேன்.”

என் பக்கம் திரும்பினார்.

“சூட்டுல வந்ததுதான் சார் நிஜம்,” என்றேன். சொல்லும்போதே களைப்பாக இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு அந்தக் குறைந்த அளவையே தட்டெழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை, ஏசியை நிறுத்திவிட்டு மறுபடி அளந்துகொண்டிருந்தபோது பதில் வந்தது. நல்ல முயற்சி என்று முதல் வரி. நான்காவது சிப் கிடையாது, மாதக் கடைசியோடு பிரிவு மூடப்படும் என்று இரண்டாவது வரி.

ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவற்றின் டப்பாவில் வைத்தேன். நண்பன் ஏசி ரிமோட்டை எடுத்தான்.

“இனிமே எதுக்கு மச்சி நிறுத்தணும்? பதினெட்டுல வெக்கிறேன்.”

மேலாளரும் வந்து உட்கார்ந்தார். வேர்த்த சட்டை காயும்வரை மூவரும் அங்கேயே இருந்தோம்.