நான்கு நீல வட்டங்கள்

நட்டுக்கு அடியில் போடும் ஒரேயொரு வாசருக்காக ஒரு மனிதர் என் யன்னலை ஆறு தடவை கடந்து போனதைக் கண்டபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

இழுவைப் படகுகளைத் திருத்தும் பட்டறையில் நான் கிளாக்கராகச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. போனவர் தலைமைப் பிற்றர், என்ஜின் கழற்றிப் பூட்டுகிறவர்களுக்குப் பெரியவர். குடாவின் அக்கரை மூதூரிலிருந்து காலை லோஞ்சுப் படகில் வருகிறவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, தமிழர், சிங்களவர் என்று எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் களஞ்சியத்தில் சாமானுக்குத் துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். துண்டில் கையெழுத்துக்கு என்ஜினியரின் அறைக்குப் போக வேண்டும். அவர் அங்கே இல்லாவிட்டால் இறங்குதுறைக்கு. பிறகு மறுபடி களஞ்சியம். எல்லா வழியும் என் யன்னலைத் தாண்டித்தான்.

“என்ன காக்கா, கோயில் திருவிழாவோ? சுத்திச் சுத்தி வாறீங்கள்?”

“ஓம் தம்பி. உங்கட சாமி கையெழுத்துப் போட்டாத்தானே எனக்கு வாசர் கிடைக்கும்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைகள் துருதுருத்தன. இந்த நடையை எல்லாம் ஒரு படத்தில் கோடாகப் போட்டால் எப்படி இருக்கும்? அன்றைக்கே மனேஜரிடம் போனேன்.

“நல்ல யோசினை. செய்யும்,” என்றார் மனேஜர். “வாற மாசம் கொழும்பிலையிருந்து பெரியாக்கள் வருகினம். நீரே எழும்பி விளங்கப்படுத்தும்.”

இரண்டு கிழமை கொப்பியும் கையுமாகப் பிற்றர்மாருக்குப் பின்னால் அலைந்தேன். முதல் நாள் வாயடித்தார்கள். “கக்கூசுக்குப் போறதையும் எழுதுவீரோ?” என்று ஒருவர் கேட்டார். “அதுக்கும் துண்டு வேணுமெண்டா எழுதுவன்,” என்றேன். அதற்குப் பிறகு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எழுத எழுத ஒரு விஷயம் இடித்தது. சில திருத்த வேலைகள் ஒரு நடையும் இல்லாமலே முடிந்துவிடுகின்றன. படகு வருகிறது, பம்ப் கழற்றப்படுகிறது, பூட்டப்படுகிறது, படகு போகிறது. களஞ்சியத்துக்கு யாரும் போகவில்லை. காக்காவிடம் கேட்டேன். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பால்மாத் தகரப் பேணியை இழுத்தார். உள்ளே நட்டுகள், வாசர்கள், செப்புக் குழாய்த் துண்டுகள், எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய கேஸ்கட்டுகள். எல்லாம் உதவாதென்று ஒதுக்கிய என்ஜின்களிலிருந்து கழற்றியவை. வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்துபோன இந்த நாட்களில் களஞ்சியத்தில் கேட்டதில் பாதிக்கு இல்லை என்ற பதில்தான். படகுகளை ஓட வைப்பது பேணிகள்தான். இப்படி நான்கு பேணிகள் இருந்தன. பட்டறை முழுவதற்கும் தெரியும். அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது, தெரியக்கூடாது என்பது அங்கே பேசாத கட்டுப்பாடு. கழற்றிய சாமானைக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றுதான் சட்டம்.

“இத எழுதாதீங்க தம்பி. என்ட வேல போனா நீங்களா தருவீங்க?”

“காக்கா, இதுதான் என்ர அறிக்கையின்ர உயிர். ஒவ்வொரு மேசைக்கும் இப்பிடி ஒரு பேணியைக் கொம்பனியே குடுக்க வேணும் எண்டு கேக்கப்போறன். ஒருத்தற்ற பேரும் வராது.”

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். நான் மனேஜரிடம் போய், அறிக்கையால் யாருக்கும் பாதகம் வராது என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டேன். “ஒருத்தரையும் பிடிக்கிறதுக்கில்லை, முறையைத் திருத்துறதுக்குத்தான்,” என்று அவர் தன் வாயால் சொன்னார்.

பெரிய பிரிஸ்டல் அட்டையில் பட்டறையை அளவு பிசகாமல் வரைந்தேன். நடைகள் சிவப்புக் கோடு. பேணிகள் இருந்த இடம் நீல வட்டம். பெயர் எழுதவில்லை, மேசை இலக்கம் மட்டும் எழுதினேன். ஒவ்வொரு மேசையிலும் வருஷக்கணக்காக ஒரே ஆள்தான் நிற்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. படம் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது.

கொழும்புக்காரர் முன்னால் ஆங்கிலத்தில் பேசினேன். சிவப்புக் கோடுகளின் சிக்கலைக் கண்டு ஒருவர் விசிலடித்தார். நீல வட்டங்களைக் காட்டி, வழி இங்கேயே இருக்கிறது, ஒவ்வொரு மேசைக்கும் கொம்பனியே ஒரு பேணி கொடுத்தால் போதும் என்றேன். கைதட்டினார்கள். மனேஜர் என் தோளில் தட்டி, “படத்தை இஞ்சை வைச்சிட்டுப் போம்,” என்றார். பறந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வேலைச் சங்கு ஊதிய கையோடு காவல்காரர் மூவர் பட்டறைக்குள் வந்தார்கள். அவர்களில் பெரியவரின் கையில் என் படம், நாலாக மடித்து. நேரே முதல் நீல வட்டத்துக்குப் போய்க் குனிந்தார்கள். அடுத்தது இரண்டாவது. வேறெந்த மேசையையும் தொடவில்லை. நான்கு பேணிகளும் அலுவலக வாசலில் வரிசையாக வைக்கப்பட்டன. பேணி வைத்திருந்த மூன்று பிற்றர்மாருக்கு எச்சரிக்கைக் கடிதம். பேணி பெரிதென்று காக்காவுக்கு வேலை இடைநிறுத்தம், பத்து நாளில் விசாரணை.

காக்கா சட்டையை மாற்றிக்கொண்டு என் யன்னலருகே வந்தார்.

“நல்லா வரைஞ்சிருக்கீங்க தம்பி. காவல்காரனுக்கு ஒரு எட்டுக்கூட வீணாகல்ல.”

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மனேஜரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். “ஒருத்தரையும் பிடிக்கிறதுக்கில்லையெண்டு சொன்னீங்கள், சேர்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நீர் காட்டின குறையைத்தானே திருத்தினனாங்கள்? இதுக்கேன் கோவிக்கிறீர்? கொழும்பிலை உம்மைப் பற்றி நல்லாக் கதைச்சவை.” என் அறிக்கையின் தட்டச்சுப் பிரதியை நீட்டினார். நடைகள் பற்றிய பக்கங்கள் ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த இரண்டு பக்கத்துக்கு ‘உதிரிப்பாகப் பதுக்கல்’ என்று புதுத் தலைப்பு. கீழே என் பெயர். விசாரணையில் படத்தை அடையாளம் காட்டும் சாட்சியும் நான்தான்.

என்னை ஏமாற்றியவர் அவர். ஆனால் பட்டறையின் கண்ணில் ஏமாற்றியவன் நான். சாப்பாட்டு நேரத்தில் நான் வந்து உட்கார்ந்தால் வாங்குப் பலகை காலியாகிவிடும். “எழும்புங்கோடா, அளக்கிறவர் வாறார்,” என்று ஒருவன் சொல்வான். 

சனிக்கிழமை லோஞ்சேறி மூதூர் போனேன். காக்கா வாசலில் நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை. வெயிலில் நின்றபடியே கேட்டேன்: பேணியிலிருந்து எடுத்த சாமான் எது எது, எந்தப் படகுக்குப் போனது, நினைவிருக்கிறதா?

“எழுதி இன்னும் யாருட்டக் குடுக்கப்போறீங்க?”

“உங்களிட்ட. நான் எழுதிறதை முதல் நீங்கள் வாசியுங்கோ. பிடிக்காட்டி அதிலையே கிழியுங்கோ.”

 பிறகு உள்ளே பார்த்து, “ஒரு கதிர கொண்டாங்க,” என்றார். ஒன்றுதான் வந்தது. அதில் அவர் உட்கார்ந்தார். நான் படியில் இருந்து எழுதினேன். படகு படகாகச் சொன்னார். ஒரு நட்டைக்கூட மறக்கவில்லை. எழுதியதை இரண்டு தடவை வாசித்து, ஒரு வரியை வெட்டச் சொன்னார். வெட்டினேன். 

விசாரணை நாளைக்கு. படத்தை அடையாளம் காட்டச் சொல்லுவார்கள். காட்டுவேன், நான் வரைந்ததுதான். அதோடு உட்காரச் சொன்னால் உட்காரப்போவதில்லை. பேணியை மேசையில் கொட்டச் சொல்லிக் கேட்பேன். இப்படி எடுத்த சாமான் எந்தெந்தக் கொம்பனிப் படகில் இன்றைக்கும் ஓடுகிறது என்று, மூதூரில் எழுதிய பட்டியலை வைத்துக் காக்கா சொல்லட்டும். வேண்டுமென்றால் இறங்குதுறைக்கு வந்து அந்தப் பம்ப்களைத் திறந்து பாருங்கள் என்று கேட்பேன். மற்ற மூன்று பிற்றர்மாரிடமும் இன்று பின்னேரம் போகிறேன், கூட வந்து சொல்லச் சொல்லி. கதவைத் திறப்பார்களோ தெரியாது. முதலாவது வீடு பாலையூற்றில். சைக்கிளில் காற்றுக் குறைவு, அடித்துக்கொண்டு வெளிக்கிட வேண்டும்.