நாற்பத்திரண்டாவது வரி

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு முற்பகல். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் தனியார் பஸ்ஸில், நடுவில் ஓர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். தம்பியின் கல்யாணத்துக்காக ஐரோப்பாவிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். சென்னையில் ஏறிய ரயில் தாமதமாகி, அரியலூரில் இறங்கும்போதே மணி பதினொன்று. எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில். பெரம்பலூர் போய் பஸ் மாற வேண்டும். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஆய்வகத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அன்று நான் பட்ட பாடு புரியாது.

மார்மோசெட் என்று ஒரு சின்னக் குரங்கு உண்டு. நம்மூர் அணிலைவிடக் கொஞ்சம் பெரியது. காதோரம் வெள்ளைக் குஞ்சம் வைத்தது போல முடி இருக்கும். மருத்துவ ஆராய்ச்சிக்காக அவற்றை வளர்க்கும் ஆய்வகத்தில் நான் தொழில்நுட்பப் பணியாளர். எங்கள் கூட்டத்தில் ஓர் ஆண் குரங்குக்கு எண் பதினேழு. அது கருவாக இருந்தபோதே அதன் மரபணுவில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். ஜெல்லிமீனில் இருக்கிற, பச்சையாக ஒளிரும் மரபணு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். தனி விளக்கு ஒன்றைக் காட்டினால் பதினேழின் உள்ளங்கால் பச்சையாக மின்னும். அதனால் அதற்கு வலி எதுவும் இல்லை.

அந்த மாற்றம் பதினேழின் குட்டிகளுக்கும் தானாகவே இறங்குமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். இறங்கினால், ஒவ்வொரு முறையும் பெண் குரங்குகளிடமிருந்து கருமுட்டை எடுத்து, கருவை மாற்றி, திரும்ப வைக்கிற சிரமம் இல்லை. எத்தனையோ கருக்கள் தங்காமல் போய், பதினேழு ஒன்றுதான் எங்களுக்குத் தேறியிருந்தது. அதன் ஜோடி கர்ப்பமாக இருந்தது. நாள் கணக்குப் போட்டு, பிரசவத்துக்கு நான்கு நாள் முன்னதாகத் திரும்பிவிடுகிற மாதிரிதான் விடுப்பு எடுத்திருந்தேன்.

நான் எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவள். தம்பி கல்யாணத்துக்கே மூன்று பட்டியல் வைத்திருந்தேன். குரங்குகளைச் சக ஊழியர் ஒருத்தியிடம் ஒப்படைத்தபோது நாற்பத்தொரு வரிகள் எழுதிக் கொடுத்தேன். அறையின் வெப்பம், பாலின் சூடு, எந்தக் கையால் ஊட்ட வேண்டும், ஊசியில்லாத சிரிஞ்சில் கருவேலம்பிசின் கரைசல் எவ்வளவு நிரப்ப வேண்டும். அந்தப் பிசின் என்றால் மார்மோசெட்டுக்கு உயிர். அவள் படித்துவிட்டு, நீ இல்லாமலேயே நீ இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அழைப்பை எடுத்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. பிரசவம் மூன்று வாரம் முந்திவிட்டது. விடியற்காலையில் பிறந்தவை மூன்று.

மார்மோசெட்டுக்கு வழக்கமாக இரண்டுதான். தாயிடம் பாலும் இரண்டுக்குத்தான். மூன்று பிறந்தால் ஒன்று தங்காது. எங்கள் ஆய்வகத்தில் மூன்றையும் மாற்றி மாற்றி எடுத்துப் பால் ஊட்டி, திரும்பக் குடும்பத்தோடு சேர்ப்போம். ஆனால் அதற்குத் தகப்பன் ஒத்துழைக்க வேண்டும். இந்த இனத்தில் குட்டிகளைச் சுமப்பதில் பெரும்பங்கு தகப்பனுக்குத்தான்.

பதினேழு சுமக்கவில்லை. கூண்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. இரண்டு குட்டிகள் தாயின் முதுகில். மூன்றாவது தரையில் விழுந்து குளிர்ந்து கிடந்திருக்கிறது. கட்டைவிரல் அளவுதான். அதை எடுத்துச் சூடுபடுத்திக் கையில் வைத்திருந்தாள். ஒரு மணி நேரமாகப் பிசின் காட்டிக் கூப்பிட்டும் பதினேழு கீழே இறங்கவில்லை. அங்கே எட்டரை வரை பார்ப்பது, அதற்குள் குடும்பம் ஏற்காவிட்டால் குட்டியை வேதனைப்படாமல் முடித்துவிடுவது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அங்கே எட்டரை என்றால் நமக்குப் பன்னிரண்டு. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தைந்து.

பட்டியலில் ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். வெப்பம்? சரி. கையுறை? சரி. பிசின்? சரி. பதினான்காவது வரியில் இருந்தபோது படம் உறைந்து, அழைப்பு அறுந்தது.

"பள்ளத்துல எறங்கிட்டோம். மேட்டுல ஏறுற வரைக்கும் வராது."

பக்கத்து இருக்கையில் இருந்த அக்காதான் சொன்னார். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். கறுப்பு புர்கா, மடியில் தூங்கும் கைக்குழந்தை.

"இந்த ரோட்டுல எங்க சிக்னல் வரும், எங்க போவும்னு எனக்கு அத்துப்படிங்க. புள்ளையோட அத்தா சவூதில இருக்காங்க. அம்மா வூட்டுலேருந்து வாரத்துல மூணு நா இந்த பஸ்லதான் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போறேன். வழியெல்லாம் போன்தான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க இங்கிலீஷ்ல பேசுனது அரகொறையாப் புரிஞ்சிச்சு. யாருக்குங்க பிரசவம்? அப்பங்காரன் புள்ளைய வாங்க மாட்டேங்குறானா?" என்றார்.

"ஆளுங்க இல்லக்கா. குரங்கு."

"யா அல்லா! குரங்கா?"

முன் இருக்கையில் இரண்டு தலைகள் திரும்பின. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், "குரங்குக்கு வீடியோ காலா? பச்சமலைப் பக்கம் வந்து நில்லும்மா, நேர்லயே பையப் புடுங்கிட்டுப் போவும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். பன்னிரண்டு மணிக் கெடுவைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அது எதுக்குங்க பச்சையா மின்னணும்?" அக்கா கேட்டார்.

"இப்ப அடையாளத்துக்குத்தான். இது குட்டிகளுக்கும் இறங்குதுன்னு தெரிஞ்சா, அடுத்து கை நடுக்க நோயோட மரபணுவ வச்சுப் பாப்பாங்க. மருந்து கண்டுபிடிக்க."

"அப்ப நோயோடயே பொறக்க வைப்பீங்க."

"ஆமாக்கா."

அவர் குழந்தையின் நெற்றி வியர்வையைத் துடைத்தார். எனக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றியது.

"இந்தக் குட்டிக்கு நோய் ஒண்ணுமில்லல்ல?"

"இல்ல."

"அப்ப மொதல்ல இதப் பாருங்க. நீங்க அதுங்ககிட்ட என்னன்னு பேசுவீங்க?"

"பேச மாட்டேன்க்கா. விதியே அப்படித்தான். பேர் வைக்கக் கூடாது, எண்தான்."

"நெசமாவா? ஒரு வார்த்தகூடவா?" அவருக்கு நம்பிக்கையில்லை. "இவளுக்கு எட்டு மாசம். அத்தாவ இன்னும் தொட்டுப் பாத்ததில்ல. ஆனா போன்ல அவங்க குரல் கேட்டாத்தான் வாயத் தொறப்பா. அவங்க அங்கேருந்து ம்... ம்...னு சொல்லணும், நா இங்க ஊட்டணும். ஒரு நா அவங்க பேசலன்னா நா என்ன கொடுத்தாலும் துப்பிருவா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூண்டின் சின்னக் கதவைத் திறந்து, சிரிஞ்சை நீட்டும்போது நான் பேசுகிறேன். தினமும் பேசுகிறேன். தமிழில் பேசுகிறேன். அந்த நாட்டில் தமிழ் பேச எனக்கு வேறு ஆள் கிடையாது. யாருக்கும் புரியாது என்பதால் என் காதிலேயே விழாமல் பேசியிருக்கிறேன். அறையின் வெப்பத்தை அரை டிகிரி வரை எழுதியவள், பதினேழு தினமும் கேட்டு வளர்ந்த குரலை எழுதவில்லை. சக ஊழியர் விதிப்படி வாய் திறக்காமல் ஒரு மணி நேரமாகப் பிசினை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

பஸ் மேட்டில் ஏறியது. சிக்னல் வந்தது. மணி பதினொன்று நாற்பத்தாறு.

போனைக் கூண்டைப் பார்த்து நிறுத்தி, ஒலியைக் கூட்டி வைக்கச் சொன்னேன். நான் வாயைத் திறந்த அதே நொடியில் எங்கள் டிரைவர் ஏர் ஹாரன் அடித்தார். தலைக்கு மேல் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு வேறு. திரையில் பதினேழு துள்ளி, இன்னும் மேலே, மூலைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வீட்டில் யாருக்குப் பதற்றம் என்றாலும் என் முகத்தைப் பார்த்துச் சமாதானம் ஆவார்கள். அப்படிப்பட்ட நான், பஸ்ஸில் எழுந்து நின்று கத்தினேன்:

"பாட்ட நிறுத்துங்கண்ணா! தயவுசெஞ்சு!"

கண்டக்டர் நீண்ட விசில் ஒன்று கொடுத்தார். பாட்டு நின்றது. "ஓரம் கட்டுண்ணே! ரெண்டு நிமிஷம்!"

"பின்னாடி வண்டி வருதுடா. டைமிங் போயிரும்," என்றார் டிரைவர்.

"போனாப் போவுது. நா பேசிக்கிறேன், கட்டு!"

பஸ் ஒரு புளியமரத்தடியில் நின்றது. டிரைவர் என்ஜினையும் அணைத்தார். எழுபது பேர் நிறைந்த பஸ்ஸில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அக்காவின் குழந்தை விழித்துச் சிணுங்க ஆரம்பித்தது. அவர் சட்டென்று தன் விரலை அதன் வாயில் வைத்தார்.

உட்கார்ந்தேன். மூச்சைச் சமன் செய்துகொண்டு, தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

"வாங்க மாப்ள... என்ன கோவம்? வாங்க. பிசின் இருக்கு பாருங்க..."

பின் இருக்கையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உஷ்ஷ்!" என்று நாலு பேர் அதட்டினார்கள்.

பதினேழு கத்துவதை நிறுத்தியது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. பிறகு மறுபக்கம்.

"மெதுவா வாங்க மாப்ள. யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வா... வா... வா..."

ஒரு கிளை இறங்கியது. நின்றது. சக ஊழியரின் கையைப் பார்த்தது, போனைப் பார்த்தது. இன்னொரு கிளை. நான் திரையை என் பக்கம்தான் வைத்திருந்தேன். ஆய்வகப் படத்தை வெளியாருக்குக் காட்டக் கூடாது. அதனால் என் முகத்தைப் பார்த்தே பஸ் முழுவதும் நிலவரத்தைத் தெரிந்துகொண்டது. "எறங்குதா?" என்று கண்டக்டர் உதட்டை மட்டும் அசைத்தார். தலையாட்டினேன்.

பதினேழு கதவருகே வந்து, சிரிஞ்சின் முனையை நக்கியது. சக ஊழியர் மற்றக் கையை மெல்ல உயர்த்தி, அதன் முதுகை ஒட்டிக் குட்டியைப் பிடித்தாள். எனக்கு அந்தச் சின்ன விரல்கள் தெரிந்தன. முதல் முறை வழுக்கியது. இரண்டாவது முறை ரோமத்தை ஒரு கொத்தாகப் பற்றிக்கொண்டது. பதினேழு திரும்பி அதை ஒரு தரம் மோந்து பார்த்தது. அப்புறம், எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிப் பழகியது போல, அதைச் சுமந்துகொண்டு மேலே ஏறிப் போய்விட்டது.

"ஏத்துக்கிச்சு!" என்றேன்.

பஸ் அதிர்ந்தது. கைதட்டல், விசில், யாரோ தகரத்தை வேறு தட்டினார்கள். அக்கா "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை வீரிட்டு அழுதது. போனில் சக ஊழியர், அங்கே என்ன கலவரமா என்று கேட்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். பின்னால் வந்த பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. "உன் மாப்ளையால எங்க கலெக்‌ஷன் போச்சும்மா" என்று டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். முகம் முழுக்கச் சிரிப்பு.

பெரம்பலூரில் இறங்கும்போது அக்கா சொன்னது ஒன்றுதான்: "பால் குடிச்சிச்சான்னு கேட்டுக்கங்க." கூட்டத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அன்று மாலைக்குள் என் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். மூன்று குட்டிகளும் முறை வைத்துப் பால் குடித்தன. கல்யாணம் முடிந்து, நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பரிசோதனை முடிவு வந்தது. தாயின் முதுகில் இருந்த இரண்டில் ஒன்றுக்குப் பதினேழின் மாற்றம் இறங்கியிருந்தது. இயற்கையாகவே! ஆய்வகத்தில் எல்லோரும் துள்ளினார்களாம். கல்யாண வீட்டில் நானும் துள்ளினேன். அந்த மூன்றாவதுக்கு இல்லை. அது சாதாரணக் குட்டி. ஆய்வகப் பலகையில் அதன் எண்ணுக்கு எதிரே ஒரு கழித்தல் குறி.

மறுநாள் அரியலூருக்கு அதே பஸ். அக்கா இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் டிக்கெட்டை மறந்துவிட்டு, "அந்த மூணாவது என்னாச்சும்மா? அந்த அம்மா வர்றப்பல்லாம் என்னையக் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார்.

"நல்லா இருக்குண்ணா." எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்கிற என் வழக்கத்தில், "ஆனா நாங்க தேடுனது அதுகிட்ட இல்ல. அந்தப் பச்சை அதுக்கு இறங்கல" என்றும் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது கெடக்குது. பால் குடிக்குதுல்ல?"

"குடிக்குதுண்ணா."

"அவ்ளோதானே. சொல்லிர்றேன்," என்று அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

அந்த மூன்றாவது இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. தனக்குப் பின் பிறந்த குட்டிகளைத் தகப்பனோடு சேர்ந்து முதுகில் சுமக்கிறது. நான் எழுதும் ஒப்படைப்புப் பட்டியலில் இன்று நாற்பத்திரண்டு வரிகள். விட்டுப்போன அந்த வரியை நான் கடைசியில் சேர்க்கவில்லை, 'பேசு' என்று முதலில் எழுதியிருக்கிறேன். அதை யாரிடம் கொடுத்தாலும், புளியமரத்தடியில் என்ஜினை அணைத்துவிட்டு, பார்த்தே இராத ஒரு குட்டிக்காக மூச்சடக்கிக் காத்திருந்த அந்த எழுபது பேருக்குக் கணக்குச் சொல்வது போலத்தான் இன்னும் இருக்கிறது.