மூன்று முறை கழற்ற வேண்டிய போல்ட்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அப்பாவின் பள்ளிக்கூடம் ஊர் மாறியது.

அப்பா ராணுவத்தில் இருந்தார். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு டாங்கி ஓட்டவும் பழுது பார்க்கவும் சொல்லித் தருகிற வேலை. அதற்கென்று வடக்கே ஒரு முகாமில் பயிற்சிப் பள்ளி இருந்தது. அதை அப்படியே பெயர்த்து, தெற்கே இன்னொரு முகாமுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று போனில் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, மேலிடத்து உத்தரவு என்றார். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் அந்த ஒரு பதில் இருந்தது.

எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கச்சிராயபாளையத்தில் நான் படித்த பள்ளிக்கூடம் மழைக்கு ஒழுகுமே தவிர, இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகர்ந்ததில்லை. ஒரு பள்ளிக்கூடம் எப்படிப் போகும்? மணியைக் கழற்றிக்கொண்டு போவார்களா? டாங்கிகள் வகுப்புக்குள் நிற்குமா, வெளியே நிற்குமா? ஊர் மாறினால் டாங்கிக்கும் டி.சி. வாங்க வேண்டுமா?

இதையெல்லாம் மாமாவிடம் கேட்டேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாங்கள் இருந்தது அம்மாவின் பிறந்த வீட்டில் என்பதால், அப்பா இல்லாத நாளெல்லாம் அவர்தான் எனக்கு அகராதி. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஓட்டினார். எந்த இன்ஜினாக இருந்தாலும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்பது அவருடைய நிரந்தரப் பெருமை. டாங்கியும் ஒரு வகை டிராக்டர்தான், குழாய் மட்டும் ஜாஸ்தி என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

எனக்கு டாங்கிக் கவலை என்றால் அம்மாவுக்கு வேறு கவலை. தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா இன்னும் அவனைப் பார்க்கவில்லை. பிரசவத்துக்கு வர வேண்டியவருக்கு, பள்ளியை இடம் மாற்றும் வேலை என்று லீவு ரத்தானது. பெயர் வைக்க வர வேண்டியவருக்கும் அதே காரணத்தால் ரத்தானது. மாமா தன் போனில் தம்பியைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படத்தில் தம்பியின் மூக்கு பாதியும் மாமாவின் விரல் முழுசாகவும் இருந்தன.

ஒரு நாள் அப்பா அவசரமாகப் பேசினார். டாங்கிகள் ரயிலில் போய்விட்டனவாம். மிச்சச் சாமான்கள் லாரிகளில் வரிசையாக வருகின்றனவாம். நாளை மறுநாள் காலையில் உளுந்தூர்பேட்டை வழியாகத்தான் போகும். "நடுவுல எங்கியும் நிக்காது. பச்சக் கொடி கட்டின கடைசி லாரியில நான் வருவேன். கைய காட்டுறேன், பாத்துக்கோங்க" என்றார்.

லாரிப் புகையிலும் வெயிலிலும் பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோய் நிற்பதா என்று மாமா கோபித்துக்கொண்டார். நிற்காத வண்டியிலிருந்து ஒரு ஆள் பிள்ளையை எத்தனை நொடி பார்த்துவிட முடியும் என்று கணக்கும் கேட்டார். அம்மா தொட்டில் துணியை மடித்துக்கொண்டே, "எத்தினி நேரமோ, அவுரு கண்ணால பாக்கட்டும்" என்றாள். மாமாவும் கூடவே வந்தார்.

டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து தியாகதுருகம் வழியாக உளுந்தூர்பேட்டை. அம்மா தூக்குச்சட்டி நிறைய இட்லியும் கெட்டிச் சட்னியும் எடுத்து வந்திருந்தாள். ஓடுகிற லாரிக்குள் இட்லியை எப்படி வீசுவது என்று மாமா வழியெல்லாம் கிண்டல் செய்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பைபாஸ் ரோட்டில், ஒரு டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றோம். எட்டு மணிக்கு நின்றவர்கள், பத்தே முக்கால் வரை நின்றோம். அப்புறம் முதல் லாரி வந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். எல்லாம் பச்சை நிறம், எல்லாவற்றுக்கும் தார்ப்பாய். ஒன்றில் மட்டும் தார்ப்பாய் விலகி, நாங்கள் உட்காருவது போன்ற மர பெஞ்சுகள் தெரிந்தன. நாட்டைக் காக்கிற டாங்கிப் பள்ளியிலும் அதே பெஞ்சுதானா என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். அம்மா எதையும் எண்ணவில்லை. தம்பியின் முகம் ரோட்டைப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இருபத்தாறாவது லாரியில் பச்சைக் கொடி இருந்தது. பின்னால் கொக்கியும் சங்கிலியும் தொங்கின. வழியில் எந்த லாரி படுத்துக்கொண்டாலும் இழுத்துப் போகிற லாரி அது. ஓட்டி வந்தது அப்பா. எங்களைத் தாண்டியதும் அது இருமியது, குலுங்கியது, புளியமரத்தடியில் ஓரங்கட்டி நின்றுவிட்டது.

எல்லா லாரியையும் காப்பாற்ற வந்த லாரியே நின்றுபோனதில் எனக்கு அவமானம் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்த சுபேதார் இறங்கினார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், அப்பாவுக்கு மேலதிகாரி. அப்பா அவரிடம் விறைப்பாக நின்று இந்தியில் ஏதோ சொன்னார். அவர் முன்னால் போன லாரிகளுக்குப் போனில் ஏதோ சொல்லிவிட்டு, டீக்கடைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அப்பா பானெட்டைத் திறந்தார். ரிப்பேர் செய்யப் போகிறவர் முதலில் கேன் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினார். ராணுவத்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அம்மாவிடமிருந்து தம்பியை வாங்கி இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையில் ஸ்பானரை எடுத்தார். அம்மா இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு அவர் வாயில் வைத்தாள்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். இன்ஜினைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "இது மிலிட்டரி இன்ஜினு, எனக்கு ஒன்னும் புரியல" என்று சொல்லிவிட்டு நேராக டீக்கடைக்கு நடந்தார். அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

நான் பம்பர் மேல் ஏறி நின்று என் கேள்விகளைக் கேட்டேன். மணி ஆறாவது லாரியில் போயிற்று என்றார் அப்பா. டாங்கிகள் வெளியேதான் நிற்கும், டி.சி. கிடையாது. பதிலெல்லாம் எனக்குத்தான் வந்தது. கண் மட்டும் தம்பியை விட்டு நகரவில்லை.

"ஏம்பா, டாங்கி ரிப்பேரு சொல்லித் தர்ற வாத்தியாரு நீ. உன் லாரியே நின்னு போச்சே?"

"ஆமாம்மா, வெக்கமாதான் இருக்குது" என்றார். அவர் முகத்தில் வெட்கத்தைக் காணோம்.

அப்போதுதான் கவனித்தேன். அப்பா ஒரே ஒரு போல்ட்டைத்தான் கழற்றினார். துடைத்தார், மாட்டினார். பிறகு அதே போல்ட்டை மறுபடி கழற்றினார். எனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நேராக சுபேதாரிடம் போய், அப்பா அதே போல்ட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார் என்று சொன்னேன். மாமா டீயைக் கீழே சிந்திவிட்டார்.

சுபேதார் என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தமிழிலேயே கேட்டார்: "எத்தன தடவ?"

"ரெண்டு."

"அந்த போல்ட்ட மூணு தடவ கழட்டி மாட்டணும் பாப்பா. இல்லாட்டி வண்டி கெளம்பாது. இன்னும் ஒரு தடவ பாக்கி இருக்குன்னு அப்பாகிட்ட போய்ச் சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பாவின் கை அப்படியே நின்றது. டீக்கடைப் பக்கம் திரும்பி அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

"மூணாவது தடவ நீயே போடு."

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேலையை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். கழற்றவே வெகு நேரம் ஆயிற்று, மாட்ட அதைவிட. அவசரப்படாமல் செய் என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது. தம்பி விழித்துக்கொண்டு ஏதோ சத்தம் போட்டான். அம்மா என்னவோ சொன்னாள். நான் திரும்பியே பார்க்கவில்லை. போல்ட்டை விட்டுக் கண்ணை எடுத்தால் தப்பாகிவிடும் என்று பயம்.

முடித்தேன் என்றதும் அப்பா தம்பியை அம்மாவிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவன் காலை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். சுபேதார் வந்து ஏறினார். லாரி ஒரே அழுத்தில் கிளம்பிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பெருமையில்.

திரும்பி வரும் பஸ்ஸில் கை கழுவ மறுத்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் காட்ட அந்தக் கிரீஸ் எனக்கு வேண்டும். மூன்று தடவைக் கணக்கை அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. லாரி சரியாகிவிட்ட சந்தோஷம் என்று புரிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் தைரியம் சொன்னேன்.

"கவலப்படாதம்மா. நல்லா டைட் பண்ணிட்டேன். இனிமே அந்த லாரி வழியில எங்கியுமே நிக்காது."

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தியாகதுருகம் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. இவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறேன், ஒரு வார்த்தை பாராட்டக் கூடாதா என்று எனக்கு வருத்தமாக இருந்தது.